கொதிகலன் தண்ணீரில் ஊறிய மீன்

பிரெய்ஷேர் கப்பலில் மொத்தம் இருபத்தெட்டு பேர். அதில் இருபத்தேழு பேருக்கு ஜெர்மன்காரனின் நீர்மூழ்கியைவிட ஐலர்டின் சமையலைப் பார்த்துத்தான் பயம். நீர்மூழ்கி வந்தாலும் வரும், வராமலும் போகும். ஐலர்டின் மீன் உருண்டை செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வந்துவிடும்.

1942 டிசம்பர் முதல் வாரம். நியூயார்க் துறைமுகத்தில் கோதுமை ஏறிக்கொண்டிருந்தது. மாலுமிகள் சாப்பாட்டு அறையில் கூட்டம் போட்டார்கள். எங்கள் நார்வேக்காரர்களைப் பற்றித் தெரியாதா என்ன? மூன்று பேர் சேர்ந்தால் சங்கம், நாலாவது ஆள் வந்தால் தலைவர் தேர்தல். நாட்டை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டு இரண்டரை வருடம் ஆயிற்று. ஊரிலிருந்து ஒரு கடுதாசி கிடையாது. அட்லாண்டிக்கில் நாளுக்கு இரண்டு கப்பல் முழுகுகிறது. இத்தனைக்கும் நடுவே அன்றைய கூட்டத்தில் பேச எடுத்துக்கொண்ட ஒரே விஷயம் சமையல்காரன்.

கொதிகலனுக்குக் கரி தள்ளும் அன்ஃபின்தான் பேச்சாளர். ஆள் ஆறடி, வாய் ஏழடி.

"ஐலர்ட் அண்ணே, உன்மேல எங்களுக்குத் தனிப்பட்ட கோவம் ஒண்ணும் இல்ல. உன் சோத்து மேலதான். இந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்களுக்கு லூட்டஃபிஸ்க் வேணும். ஊர்ல பண்ற மாதிரி. அது மட்டும் சரியா வரல, லிவர்பூல்ல உன் மூட்டையை நாங்களே இறக்கி வெச்சிடுவோம். தீர்மானம் போட்டாச்சு."

"எத்தன பேர் கை தூக்குனீங்க?"

"எல்லாரும்."

"கேப்டனுமா?"

"அவர் ரெண்டு கையும் தூக்கினாரு."

ஐலர்டுக்கு முகம் செத்துவிட்டது. நாற்பத்தொரு வயது. இதற்கு முன் மூன்று கப்பல்களில் இதே மாதிரி மூட்டையை இறக்கியிருந்தார்கள். நாலாவதாக இங்கேயும் இறக்கிவிட்டால் அவனை ஏற்றிக்கொள்ள ஒரு தோணிகூட வராது. ஊரில் வீடு இருந்தது. இப்போது அதில் ஜெர்மன் சிப்பாய்கள் படுத்திருக்கிறார்களாம். ஆக, அவனுக்கு இந்த ஓட்டைக் கப்பலும், அவன் சமையலைத் திட்டுகிற இந்த இருபத்தேழு பேரும்தான் வீடு. அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

"லூட்டஃபிஸ்க்கா? எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று மட்டும் வீறாப்பாகக் கேட்டுவிட்டுப் போனான்.

லூட்டஃபிஸ்க் என்பது வேறொன்றும் இல்லை. கட்டை மாதிரி காய்ந்த காட் மீனைச் சோடாக்காரத்தில் போட்டு ஊறவைப்பது. காரம் மீனைத் தின்று, கண்ணாடி போல வழவழவென்று ஆக்கிவிடும். அப்புறம் அந்தக் காரம் போகும்வரை நாள் கணக்கில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசினால் விருந்து. அலசாவிட்டால் சோப்பு. முதன்முதலில் இதைச் சாப்பிட்டுப் பார்த்தவன் யாரென்று தெரியாது, எங்கள் ஆள்தான் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

புரூக்ளினில் எட்டாவது அவென்யூவில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி கடை வைத்திருந்தாள். அவளிடம் நாற்பது கிலோ காய்ந்த மீன் வாங்கினான் ஐலர்ட்.

"கப்பல்லயா பண்ணப் போற? அலசறதுக்குத் தண்ணிக்கு எங்க போவ?" என்று கேட்டாள் அவள்.

"கடல்ல இல்லாத தண்ணியா?"

"அட மடையா! உப்புத் தண்ணில அலசினா வெளங்கினாப்பலதான்."

அது அவனுக்கும் தெரியும். குடிதண்ணீர்க் குழாயைப் பூட்டிச் சாவியைத் துணை அதிகாரி இடுப்பில் வைத்திருந்தார். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, அவ்வளவுதான். ஆனால் சமையலறையை ஒட்டிய சாமான் அறையில், எந்திர அறைச் சுவரோரம், ஒரு சின்னக் குழாய் இருந்தது. கொதிகலனுக்காகத் தனித் தொட்டியில் சேர்த்து வைத்திருக்கும் நல்ல தண்ணீர் அதில் வரும். பூட்டு கிடையாது. கொதிகலன் தண்ணீரை யார் திருடப்போகிறார்கள் என்று கப்பல் கட்டியவன் நினைத்திருக்கிறான். பாவம், அவனுக்குச் சமையல்காரர்களோடு பழக்கம் போதாது.

சோடாக்காரம் தலைமை எஞ்சினியர் டோர்கிரிமிடம் இருந்தது. கொதிகலன் துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார். ஐம்பத்தெட்டு வயது, வழுக்கை, முன்கோபி. ஐலர்டைக் கண்டாலே ஆகாது. போன வருடம் ஒரு மீன் புட்டிங் விஷயத்தில் ஆரம்பித்த பகை.

"எதுக்குய்யா உனக்கு காரம்?"

"அடுப்படித் தரை வழுக்குது சீஃப். தேய்ச்சுக் கழுவணும்."

"தரையக் கழுவு. அப்படியே உன் கையையும் கழுவு, சட்டியையும் கழுவு" என்று ஒரு டப்பாவைத் தூக்கிக் கொடுத்தார்.

கோதுமை ஏறி முடிந்ததும் மற்றக் கப்பல்களோடு கூட்டமாகக் கிளம்பினார்கள். முப்பத்தாறு கப்பல்கள், ஒன்பது வரிசை, எல்லாருக்கும் தலைவராக ஒரு கமடோர், சுற்றிலும் நாலைந்து குட்டிப் போர்க்கப்பல்கள். மணிக்கு ஏழு கடல் மைல் வேகம். பிரெய்ஷேர் நாலாவது வரிசையில் மூன்றாவது. முன்னால் ஒரு கிரேக்கக் கப்பல், பின்னால் பென்கார்த் என்று ஒரு வேல்ஸ் கப்பல். ஆடி அசைந்துகொண்டு கூட்டம் கிழக்கே போனது. ஐலர்டின் மீனும் சாமான் அறையில் ஐந்து பீப்பாய்களில் படிப்படியாக ஊறி, காரம் குடித்து, உப்பிப் பெருத்து, பதினெட்டாம் தேதி அலசுவதற்குத் தயாராக நின்றது.

இங்கேதான் அவன் புத்தி வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். நார்வேயின் வடக்கே, செனியா தீவில் அவன் அம்மா மீன் தொட்டியை வீட்டுக்குப் பின்னால் ஓடையில் இறக்கி வைத்துவிடுவாள். ஓடுகிற தண்ணீரில் நாலைந்து நாள் இருந்தால்தான் மீன் சுத்தமாகும், தேங்கிய தண்ணீரில் அலசுவதெல்லாம் தெற்கத்திச் சோம்பேறிகள் பழக்கம் என்பாள். ஐலர்ட் யோசித்தான். குழாயில் ஒரு ரப்பர் குழலைச் செருகி, முதல் பீப்பாயில் விட்டு, அது நிரம்பி இரண்டாவதில் விழ, இரண்டாவது மூன்றாவதில் விழ, கடைசிப் பீப்பாய் வழிந்து தரை ஓட்டை வழியாகக் கடலுக்கே போகிற மாதிரி ஏற்பாடு செய்தான். குழாயைச் சுண்டுவிரல் தடிமனுக்குத் திறந்துவிட்டான். திறந்தது திறந்தபடி ராப்பகலாக ஓடியது. அடேயப்பா, எத்தனை பெரிய தொட்டி, இந்தச் சுண்டுவிரல் தண்ணீரில் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தான்.

நாலு நாளில் முப்பது டன் குறைந்தது.

இருபத்திரண்டாம் தேதி காலை கேப்டனுக்குக் காபி எடுத்துக்கொண்டு மேலே போனான். கேப்டன் ஹால்டோரின் அறைக்குள் டோர்கிரிமின் குரல் கேட்டது. அது வழக்கமான கத்தல் இல்லை.

"ரெண்டு நாளாத் தேடறேன் ஹால்டோர். தூங்கல. குளிர்விக்கிற பக்கம் ஓட்டை இல்ல, தண்ணில உப்பு ஏறல. பம்புல இல்ல. அப்ப கொதிகலனுக்குள்ள குழாய்தான் போயிருக்கணும். நெருப்ப இழுத்துப் போட்டு, ஆற வெச்சு, நானே உள்ள போய்ப் பாக்கணும்."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"பன்னண்டு மணி நேரம். கூடவும் ஆகலாம்."

அட்லாண்டிக் நடுவில் ஒரு கப்பல் பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வெளியே காபியோடு நின்றவனுக்கும் தெரியும்.

"கமடோர்கிட்ட கேட்டேன். நமக்காக ஒரு காவல் கப்பலை விட்டுட்டுப் போக முடியாதாம். ஆண்டவன் துணைன்னு கொடி காட்டிட்டாரு" என்றார் கேப்டன். "எப்ப நெருப்ப இழுக்கப் போற?"

"இன்னும் ஒரு மணி நேரத்துல."

ஐலர்ட் காபித் தட்டை வாசலிலேயே வைத்தான். அப்படியே திரும்பி ஓடினான். சாமான் அறைக்குள் போய்க் குழாயை இறுக்கி மூடினான். தண்ணீர் நின்றது. மீன் துண்டுகள் வெள்ளையாக, ஒன்றும் அறியாத பாப்பா போல மிதந்தன.

முதலில் அவனுக்கு வந்த எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. மூடியாயிற்று, இனி தண்ணீர் குறையாது, ஓட்டை தானாக அடைபட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும், யாருக்குத் தெரியப்போகிறது. ஒரு நிமிஷம் அந்த எண்ணத்தோடு குஷியாகவே உட்கார்ந்திருந்தான். அப்புறம் டோர்கிரிமின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த ஆள் ஓட்டை இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். இல்லாத ஓட்டையைத் தேடி நெருப்பை அணைப்பார், கொதிகலனுக்குள் தவழ்ந்து போவார், கப்பல் கட்டையாக நிற்கும். உண்மையைச் சொன்னால் லிவர்பூலில் மூட்டை. சொல்லாவிட்டால் லிவர்பூலே இல்லை.

"எழவெடுத்த மீனே" என்று வாய்விட்டுத் திட்டினான். அதில் ஒரு பெரிய துண்டைச் சாட்சிக்குத் தட்டில் எடுத்துக்கொண்டு கொதிகலன் அறைக்கு ஏணியில் இறங்கினான்.

கீழே டோர்கிரிம் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். அன்ஃபின் நெருப்பை இழுக்கும் நீளக் கம்பியைக் கையில் பிடித்திருந்தான்.

"சீஃப், இழுக்காதீங்க. ஓட்டை இல்ல."

"என்ன?"

"தண்ணி இதுலதான் போச்சு." தட்டை நீட்டினான்.

டோர்கிரிம் மீனைப் பார்த்தார். ஐலர்டைப் பார்த்தார். மறுபடியும் மீனைப் பார்த்தார்.

"முப்பது டன்னா?"

"ஓடற தண்ணிலதான் சீஃப் அலசணும். எங்க ஊர்ல அப்படித்தான்."

"எங்க ஊர்ல தொட்டிலதான்யா அலசுவோம்!" என்று அலறினார் டோர்கிரிம். "எருமை! பரதேசி! ரெண்டு நாளா நான் ஒவ்வொரு குழாயா நக்கிப் பாத்துட்டிருக்கேன், நீ என் கொதிகலன் தண்ணில ஓடை விட்டு விளையாடறியா? என் காரத்தை வாங்கி, என் தண்ணியத் திருடி... தரை வழுக்குதுன்னியேடா பாவி!"

அவர் வீசிய ஸ்பானர் ஐலர்டின் காதோரம் பறந்து கரிக்குவியலில் போய்ப் புதைந்தது. நியாயமாகப் பார்த்தால் அது பட்டிருக்க வேண்டும். அன்ஃபின் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் டோர்கிரிம் கரிமேட்டில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டை இல்ல. அப்ப கொதிகலன் நல்லாத்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஆனாலும் சிக்கல் தீரவில்லை. மிச்சத் தண்ணீரை வைத்துக்கொண்டு முழு வேகம் போக முடியாது. கடல் தண்ணீரைக் காய்ச்சி நல்ல தண்ணீராக்கும் எந்திரம் ஒன்று இருந்தது. அது கிழவன் மூத்திரம் போகிற வேகத்தில்தான் சொட்டும். ஆகவே இரண்டு நாளைக்கு வேகத்தைக் குறைத்து, பின்தங்கித்தான் ஆகவேண்டும். நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். கடைசிப் பீப்பாய்களின் தண்ணீரை டோர்கிரிம் நாக்கில் வைத்துப் பார்த்து, காரம் அளவாகத்தான் இருக்கிறது என்று அதையும் வடிகட்டித் தொட்டியில் ஊற்றினார். அன்று சாயங்காலத்திலிருந்து கப்பலின் ஒவ்வொரு மூட்டிலிருந்தும் கசியும் ஆவியில் மீன் வாடை வந்தது. சங்கு ஊதினால்கூட மீன் நாறியது.

"கமடோருக்கு என்னன்னு சொல்றது?" என்று கேட்டார் துணை அதிகாரி.

"கொதிகலன் கோளாறுன்னு சொல்லியாச்சு. அப்படியே இருக்கட்டும்" என்றார் கேப்டன். "ஒரு நாட்டோட மானம் இருக்குய்யா."

பின்னால் வந்த பென்கார்த் அவர்களைத் தாண்டி முன்னேறி, வரிசையில் பிரெய்ஷேர் இருந்த இடத்தில் போய் நின்றுகொண்டது. அதுதான் விதி. இடம் காலியானால் பின்னால் இருப்பவன் நிரப்ப வேண்டும். தாண்டிப் போகும்போது அதன் தளத்தில் இருந்தவர்கள் கை ஆட்டினார்கள், கேலியாக ஏதோ கத்தினார்கள். எங்கள் ஆட்களும் பதிலுக்குக் கத்தினார்கள்.

அன்றைக்கே இன்னொரு கூட்டம். இன்னும் இரண்டு நாள் தொட்டியில் மாற்றி மாற்றி அலசாவிட்டால் மீன் சோப்புதான். அலசினால் குடிதண்ணீரில் கை வைக்க வேண்டும், ஆளுக்கு நாளைக்கு ஒரு கோப்பை காபிதான். காபியா, மீனா? நார்வேக்காரனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. கடைசியில் கை தூக்கியவர் டோர்கிரிம்.

"மீன். இவ்வளவு கூத்தடிச்சாச்சு, தின்னாமயா விடறது?"

மறுநாள், இருபத்துமூன்றாம் தேதி, வெளிச்சம் மங்கும் நேரம். கிழக்கே அடிவானத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அதிர்வு. காதில் கேட்பதற்கு முன் கப்பலின் அடித்தகட்டில் உணர்ந்தார்கள். அப்புறம் இன்னொன்று. வானத்தில் ஒரு ஓரம் சிவந்தது. நேரே அவர்கள் வரிசை இருக்க வேண்டிய திசை.

தளத்தில் எல்லாரும் வந்து நின்றார்கள். பிறகு அன்ஃபின் ஐலர்டின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"அண்ணே, உன் மீன் நம்ம உசுரக் காப்பாத்திடுச்சே! உன்ன லிவர்பூல்ல இறக்கறதாவது, கோயில் கட்டணும்யா உனக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். பயத்தில் வந்த சிரிப்பு. ஐலர்டும் சிரித்தான். உள்ளதைச் சொன்னால், அவனுக்குப் பெருமையாகவே இருந்தது. பதினாறு வருடச் சமையலில் யாரும் அவன் தோளில் தட்டியதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு படகைக் கண்டார்கள். பென்கார்த்தின் படகு. முப்பத்தெட்டு பேரில் பதினான்கு பேர் இருந்தார்கள். எண்ணெயும் உப்பும் படிந்த முகங்கள். வலை போட்டு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். அவர்கள் கப்பல் பிரெய்ஷேரின் இடத்தில்தான் நின்றிருந்தது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஐலர்டுக்குச் சொல்லத் தேவையும் இல்லை. நேற்றுத் தானும் சிரித்தது நினைவுக்கு வந்தது. பீப்பாய்களைத் தூக்கிக் கடலில் கொட்டிவிடலாமா என்று நினைத்தான். ஆனால் பசியோடு நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள், பண்டிகை நாள், வேறு எதுவும் தயாராக இல்லை. சமைத்தான்.

மாலை ஐந்து மணிக்குக் காவல் முறையில் இல்லாத எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவித்த உருளைக்கிழங்கு, பட்டாணி, உருக்கிய பன்றிக்கொழுப்பு, நடுவில் நடுநடுங்கும் மீன். வேல்ஸ்காரர்கள் தட்டைப் பார்த்தார்கள். டார்பிடோவிலிருந்து தப்பிய முகத்தில் புதிதாக ஒரு பீதி வந்தது.

"இது செத்துடுச்சா?" என்று ஒருத்தன் கேட்டான்.

"ரெண்டு தடவ" என்றான் அன்ஃபின்.

கொஞ்சம் சிரிப்பு வந்தது. அக்வாவிட் சாராயம் ஒரு சுற்று போனது. அப்போது அவர்களில் மூத்தவன், இட்ரிஸ் என்ற தள மாலுமிகளின் தலைவன், கைகளில் கட்டோடு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டான்.

"முந்தாநாள் நீங்க ஏன் பின்னால போனீங்க? நல்லாத்தானே வந்துட்டிருந்தீங்க."

நார்வேக்காரர்கள் அத்தனை பேரும் உருளைக்கிழங்கையே பார்த்தார்கள்.

"கொதிகலன் குழாய்" என்றார் டோர்கிரிம். தலை நிமிரவில்லை. "பழசு. நான் முன்னாடியே பாத்திருக்கணும். தப்பு என்னுதுதான்."

ஐலர்ட் கொழுப்புச் சட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். கொதிகலனை எவனாவது குறை சொன்னால் கழுத்தைப் பிடிக்கிற ஆள் டோர்கிரிம். தன்மேல் ஸ்பானர் எறிந்த கை அது. அந்த மனிதர் தனக்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பதை ஐலர்டால் தாங்க முடியவில்லை.

"சீஃப் பொய் சொல்றாரு" என்றான். "கொதிகலன்ல ஒண்ணும் இல்ல. அதுக்கு வெச்சிருந்த தண்ணிய நான் திருடினேன். இந்த மீனை அலச. அதனாலதான் பின்னால போனோம். அதனாலதான் நீங்க எங்க இடத்துக்கு வந்தீங்க."

இட்ரிஸ் தட்டைப் பார்த்தான். கப்பல் ஆட, மீனும் ஆடியது.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

அன்ஃபின் பாதி எழுந்தான், ஏதாவது அடிதடி நடந்தால் நடுவில் விழலாம் என்று.

"எங்க கப்பல்லயும் ஒரு சமையல்காரன் இருந்தான்" என்றான் இட்ரிஸ். "ஹூவ்னு பேரு. அவன் சமைக்கிறத வாயில வைக்க முடியாது. தெனமும் திட்டுவோம். நேத்து சாயங்காலம்கூடத் திட்டினேன். அவன் படகுக்கு வரல."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எதிர்ப் பெஞ்சைக் கட்டுப்போட்ட கையால் காட்டினான்.

"சட்டிய வெச்சுட்டு இங்க வந்து உக்காரு. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

ஐலர்ட் உட்கார்ந்தான். இட்ரிஸ் சாப்பிட்டான். கட்டுப்போட்ட விரல்களில் முள்கரண்டி நிற்கவில்லை, வழுக்கும் மீனை அள்ளுவதும் சுலபமில்லை. யாரும் உதவிக்குப் போகவில்லை. ஒவ்வொரு வாயாக, மென்று, விழுங்கி, கடைசித் துண்டுவரை தின்றான். கண்ணீர் தாடியில் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. ஐலர்டும் துடைத்துக்கொள்ளவில்லை.

தட்டு காலியானதும் கரண்டியை வைத்தான்.

"நல்லாவே இல்ல" என்றான்.

"தெரியும்" என்றான் ஐலர்ட்.